கடைசி வீட்டு வைஃபை

ஏணியிலிருந்து இறங்கும்போதே இளஞ்செழியன் ஒயரைக் கையில் சுற்ற ஆரம்பித்துவிட்டான். காசியம்மாளுக்கு அதைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துபோனது. இன்டர்நெட் கொடுக்க வந்தவன் ஒயரை விட்டுக்கொண்டு வருவானே தவிர சுற்றிக்கொண்டு போக மாட்டான். அவள் கேட்டைத் திறந்துகொண்டு தெருவில் வந்து நின்றாள். தெருமுனைக் கம்பத்திலிருந்து நாலு வீட்டு மாடிகளைத் தாண்டி பக்கத்து வீட்டுக் குமரேசனின் மொட்டைமாடி வரைக்கும் வந்த கறுப்பு ஒயர் அங்கிருந்து வந்த வழியே திரும்பிப் போய்க்கொண்டிருந்தது. மாடியில் குமரேசன் பனியனோடு, இடுப்பில் கை வைத்து நின்றார். அவர் தலைக்கு மேலேயே ஏற்கெனவே மூன்று ஒயர்கள் போயின. ஒன்று டிவி கேபிள், ஒன்று எதிர்வீட்டு இன்டர்நெட், மூன்றாவது யாருடையது என்று அவருக்கே தெரியாது. நாலாவதாக ஒன்று போனால்தான் அவர் வீடு உட்கார்ந்துவிடும் போலிருக்கிறது.

இளஞ்செழியன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். “அவரு வேணாங்கறாருக்கா. வீட்டு மேல ஒயர் போனா இடி எறங்குமாம்.”

“இடி இன்னா, நாலாவது ஒயரான்னு எண்ணிப் பாத்துட்டு எறங்குமா?”

காசியம்மாளுடையது தெருவிலேயே கடைசி வீடு. அதற்கு முந்தின வீடு குமரேசனுடையது. அவர் மாடியைத் தாண்டாமல் ஒயர் வர வேண்டுமென்றால் தனியாகக் கம்பம் நட வேண்டும், ஆபீசில் கேட்டால் மூன்று மாதம் என்பார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு அவன் ஏணியைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

காசியம்மாள் திருவண்ணாமலையில் இருபத்தாறு வருடமாகத் தெரு கூட்டுகிறவள். சேரும்போது நகராட்சியாக இருந்தது இப்போது மாநகராட்சி ஆகிவிட்டது. துடைப்பம் மட்டும் அதே துடைப்பம்தான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கில் வந்து மலையைச் சுற்றுகிறவர்கள் புண்ணியத்தைக் கட்டி எடுத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் ரோட்டிலேயே போட்டுவிட்டுப் போவார்கள். தட்டு, டம்ளர், அறுந்த செருப்பு, குழந்தையின் ஒற்றைச் சாக்ஸ் என்று அதையெல்லாம் அள்ளி அள்ளித்தான் வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசுக்குப் பின்னால், ஒரு காலத்தில் மணிலாக் கடலைக் கொல்லையாக இருந்த இடத்தில் மனை வாங்கினாள். புருஷன் போய்ச் சேர்ந்து பத்து வருடம். வீட்டைக் கட்டி முடித்தது அவளும் மகள் தென்றலும்தான்.

கிரகப்பிரவேசத்துக்குக் குமரேசன் வந்தார். அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், தெருவின் குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவர். பாயச டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டே சொந்த ஊர் எது என்று கேட்டார். கீழ்பென்னாத்தூர் என்றாள். கீழ்பென்னாத்தூரில் எந்தப் பக்கம் என்றார். இந்தக் கேள்வியை அவள் வாழ்நாளில் எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டிருப்பாள்! சுற்றி வளைக்கிறவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. “காலனிப் பக்கம் சார்” என்று அவருடைய டம்ளரைப் பார்த்தபடியே சொன்னாள். அன்று சாயங்காலம் வீட்டை ஒழுங்குபடுத்தும்போது அந்தப் பாயசம் ஜன்னல் கட்டையில் ஆடை கட்டிக் கிடந்தது. அவள் அதைக் கீழே கொட்டவில்லை. நல்ல பாயசம், முந்திரி போட்டது. ஆனால் குடிக்கவும் முடியவில்லை, வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

கேட்டுத் தூணில் வெள்ளை மார்பிளில் ‘காசியம்மாள் இல்லம்’ என்று வெட்டிப் பதித்திருந்தாள். பன்னிரண்டாம் நாள் காலையில் அதன்மேல் தார் பூசியிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்து எடுத்தாள். அடுத்த மாதம் கல்லே உடைந்து கிடந்தது. யார் செய்தது என்று தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. தெரியாது என்று சொன்ன ஒவ்வொருவரும் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்கள். தூணில் அந்தச் சதுரப் பள்ளத்தைப் பூசிவிடலாம் என்று கொத்தனார் சொன்னபோது வேண்டாம், கிடக்கட்டும் என்றுவிட்டாள். போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்துவிட்டுத்தான் போவாள். பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரியும், அந்த எரிச்சல் அவளுக்கு வேண்டியிருந்தது.

இப்போது அந்த வீட்டில் இருக்கமுடியுமா என்பதே கேள்வியாகிவிட்டது. தென்றலுக்குச் சென்னைக் கம்பெனி ஒன்றில் வேலை. வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளின் சீட்டுகளைப் படித்து, எந்த நோய்க்கு எந்த எண் என்று கம்ப்யூட்டரில் போடுகிற வேலை. ஹாஸ்டல் சாப்பாட்டில் மஞ்சள்காமாலை வந்து அவள் பாதி உடம்பாகத் திரும்பி வந்திருந்தாள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கட்டும் என்று கம்பெனி ஒரு மாதம் சோதனைக்கு ஒத்துக்கொண்டது. அந்த மாதத்தில் மூன்று முறை இன்டர்நெட் அறுந்தால் மூட்டை கட்டிக்கொண்டு சென்னைக்கே வந்துவிட வேண்டும் என்பது நிபந்தனை. தென்றல் போய்விட்டால் காசியம்மாள் அந்தத் தெருவில் தனியாகக் குப்பை கொட்ட முடியாது. பழையபடி ஊருக்குள் வாடகை லைன் வீட்டுக்குத்தான் போக வேண்டும். இந்த வீட்டுக்கு நல்ல வாடகைக்கு ஆள் பார்த்துத் தருகிறேன் என்று குமரேசன் ஏற்கெனவே இரண்டு முறை ஆசையாகச் சொல்லியிருந்தார்.

தென்றல் போனிலிருந்தே ஹாட்ஸ்பாட் போட்டுப் பார்த்தாள். வீட்டுக்குள் ஒரு கோடுதான் வந்தது, அதுவும் அவள் தும்மினால் போய்விடும் போலிருந்தது. அடுத்த நாள் தாயும் மகளும் தேரடித் தெருவில் ஹபீப் முகம்மதுவின் செல்போன் கடைக்குப் போனார்கள். அந்தத் தெரு பத்து வருடம் காசியம்மாள் கூட்டிய தெரு. கடை திறக்கும்முன் வாசலைப் பெருக்கிவிட்டுப் போகிறவளை ஹபீப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, சோப்புப் பெட்டி அளவில் ஒரு வெள்ளைப் பெட்டியை எடுத்துக் கண்ணாடி மேல் வைத்தார். இதற்குள் சிம் போட்டுவிட்டால் போதும், இதுவே டவரிலிருந்து இன்டர்நெட்டை இழுத்து வீடெல்லாம் வைஃபையாகக் கொடுக்கும், ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் ஆறு மணி நேரம் நிற்கும், மாதா மாதம் பிளான் போட்டுக்கொண்டால் சரி, ஒயரும் வேண்டாம், எவன் மாடியும் வேண்டாம் என்றார். வேங்கிக்கால் பக்கம் எந்த சிம் நன்றாக எடுக்கிறது என்று மூன்று பேருக்குப் போன் போட்டுக் கேட்டு, அந்த சிம்மையே போட்டார்.

“கீழ வெக்காதீங்கக்கா, ஒசரத்துல வைங்க. கூட்டம் ஜாஸ்தி ஆனா பக்கத்து டவர் திணறும். ஒசரத்துல இருந்தா தூரத்து டவராவது மாட்டும்.”

கடைசியாகப் பெட்டிக்கு என்ன பெயர் வைப்பது என்று கேட்டார். கம்பெனிக்காரன் வைத்திருப்பது ஏதோ எண்ணும் எழுத்துமாக இருக்கும், மாற்றிக்கொள்வது நல்லது என்றார். தென்றல் ‘ஹோம்’ என்று வைக்கச் சொன்னாள். காசியம்மாள் குறுக்கே புகுந்து, அந்தப் பெயர் யார் யாருக்குத் தெரியும் என்று கேட்டாள்.

“பக்கத்துல யாரு வைஃபை தேடினாலும் தெரியும்க்கா. பாஸ்வேர்டு இல்லாம உள்ள பூர முடியாது. ஆனா பேரு தெரியும்.”

“மதிலுக்கு அந்தாண்ட இருந்தாலும்?”

“மதிலு, செவுரு எல்லாம் தாண்டும்.”

“வேற யாராவது அழிக்க முடியுமா?”

“உங்களத் தவிர ஒருத்தரும் அழிக்க முடியாது.”

காசியம்மாள் கைப்பையிலிருந்து வேலை அடையாள அட்டையை எடுத்துப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். அதில் இங்கிலீஷில் பத்து எழுத்துகளில் அவள் பெயர் இருந்தது. அவளுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தப் பத்து எழுத்துகளையும் தெரியும். இருபத்தாறு வருடம் சம்பளச் சீட்டில் பார்த்துப் பார்த்து, எது முதலில் வரும், எது இரண்டு முறை அடுத்தடுத்து வரும் என்பதுவரை தெரியும். அதை அப்படியே போடுங்கள் என்றாள். ஹபீப் ஒரு தடவை அவளைப் பார்த்தார், ஏன் என்று கேட்காமல் போட்டார்.

நாலாம் நாள் குமரேசன் கேட்டருகே வந்து நின்றார். உள்ளே வரவில்லை, அது அவர் வழக்கம். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, “இந்தாம்மா, உங்க பேரு எங்க வீட்டு டிவியில வருது” என்றார். அவர் வீட்டுப் பெரிய டிவியில் வைஃபையைத் தேடினால் அவருடைய பெயருக்கு மேலே அவள் பெயர் வருகிறதாம். பேரப்பிள்ளை அதை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு யார் என்று கேட்கிறானாம்.

“பேருதான சார் வருது. நானா வந்தேன்?” என்றாள் காசியம்மாள்.

அவர் சட்டம் பேசிப் பார்த்தார், சங்கம் என்றார், ஒரு ஒழுங்கு வேண்டாமா என்றார். சங்கத்தின் வாட்ஸ்அப் குரூப்பில் அவர்களை இன்னும் சேர்க்கவே இல்லை என்பதைத் தென்றல் உள்ளேயிருந்து ஞாபகப்படுத்தினாள். அவர் போனதும் தாயும் மகளும் வெகுநேரம் சிரித்தார்கள். அந்த வீட்டுக்கு வந்த பிறகு இரண்டு பேரும் சேர்ந்து அப்படிச் சிரித்தது அன்றுதான். தினமும் வேலையிலிருந்து வந்ததும் காசியம்மாள் தன் போனில் வைஃபை பட்டியலைத் திறந்து ஒருமுறை பார்ப்பாள். தெருவில் இருக்கிற ஏழெட்டுப் பெயர்களோடு தன் பெயரும் இருக்கும். தார் இல்லை, உடைசல் இல்லை. பார்த்துவிட்டு முகம் கழுவப் போவாள்.

ஆனால் பெட்டி பெட்டிதானே, சாமி இல்லை. ஒருநாள் மழையில் அறுந்தது. இன்னொரு நாள் தூசி படக்கூடாது என்று காசியம்மாளே அதைப் பத்திரமாகப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போனதில் அறுந்தது. அதற்குத் தென்றல் அவளோடு ஒரு வேளை பேசவில்லை. இரண்டு முறை போய்விட்டது, இன்னும் ஒன்றுதான் பாக்கி. மாதத்தின் கடைசி நாளன்று வேறு வேலை கிடையாது, மூன்று மணியிலிருந்து ஐந்து மணிவரை மேலதிகாரிகள் பார்த்துக்கொண்டே இருக்க வேலை செய்து காட்ட வேண்டும், அதை வைத்துத்தான் முடிவு என்று கம்பெனி சொல்லியிருந்தது. காலண்டரில் அந்தத் தேதியைப் பார்த்ததும் காசியம்மாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அன்று பௌர்ணமி.

பௌர்ணமியன்று திருவண்ணாமலையில் போன் என்ன ஆகும் என்று அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அத்தனை லட்சம் பேரும் சட்டைப்பையில் ஆளுக்கொரு போனோடு வருவார்கள். கோபுரத்தோடு ஒரு படம், லிங்கத்தோடு ஒரு படம் என்று ஊருக்கு அனுப்புவார்கள். டவர் மூச்சு முட்டி நின்றுவிடும். அன்றைக்கு அவளுக்கு ராத்திரி டூட்டி, பகலில் வீட்டில்தான் இருந்தாள். வேலூர் ரோட்டில் தற்காலிக பஸ் ஸ்டாண்டில் பஸ் பஸ்ஸாக ஜனம் இறங்க இறங்க, பெட்டியின் பச்சை விளக்கு மதியத்துக்குள் மஞ்சளானது, ஒரு மணிக்குச் சிவப்பானது. தென்றல் அதை ஜன்னலில் வைத்தாள், மாடிப்படியில் வைத்தாள், மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி மேல் வைத்தாள். கிழக்குப் பக்கம் குமரேசனின் மாடி மறைத்துக்கொண்டு நின்றது. கம்ப்யூட்டரில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

ஒன்றரை மணிக்குக் குமரேசன் வந்தார். பின்னால் ஏணியும் ஒயர்ச் சுருளுமாக இளஞ்செழியன். குமரேசன் வீட்டுக்குச் சென்னையிலிருந்து சம்பந்தி வீட்டார் கிரிவலத்துக்கு வந்திருந்தார்கள். ஆறு பேர், ஆறு போன். எல்லாரும் வந்ததும் வராததுமாக வைஃபையைத் தேடியிருக்கிறார்கள். மேலே இருந்த பெயரைக் குமரேசன் வீட்டுடையது என்று நினைத்து, காசியம்மாளுக்கு என்ன பாஸ்வேர்டு என்று கேட்டிருக்கிறார்கள். சம்பந்தியம்மாள் ஒருபடி மேலே போய், காசியம்மாள் உங்கள் அம்மா பெயரா, நல்ல பெயர் என்றிருக்கிறாள். இதை இளஞ்செழியன் சிரிப்பை மென்று விழுங்கிக்கொண்டு பிற்பாடு சொன்னான். குமரேசன் அப்போது இதெல்லாம் சொல்லவில்லை.

“இந்தாம்மா, ஒருத்தருக்கொருத்தர் விட்டுக்குடுத்துத்தான் போவணும். ஒயர் என் மாடி மேலயே போகட்டும். இவன் அரை மணி நேரத்துல குடுத்துடுவான். அந்தப் பேர மட்டும் எடுத்துடுங்க. வேற என்ன பேரு வேணா வெச்சுக்குங்க.”

காசியம்மாள் உள்ளே போனாள். தென்றல் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். மகளின் முகத்தில் மஞ்சள்காமாலையின் வெளிறல் இன்னும் முழுதாகப் போகவில்லை. பெற்றவளுக்கு அதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? பேர் கிடக்கிறது பேர், பேரை வைத்துக்கொண்டு நாக்கையா வழிப்பது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். “மாத்திடு பாப்பா” என்றாள்.

இன்டர்நெட் இல்லாவிட்டாலும் பெட்டிக்குப் பெயர் வைக்கிற பக்கம் மட்டும் கம்ப்யூட்டரில் திறந்தது. அந்தக் கட்டத்துக்குள் பத்து எழுத்தும் வரிசையாக நின்றன. தென்றல் கடைசியிலிருந்து அழிக்க ஆரம்பித்தாள். எல் போனது. அதற்கு முன்னால் இருந்த ஏ போனது. அடுத்தடுத்து வருகிற இரண்டும் ஒவ்வொன்றாகப் போயின. காசியம்மாள் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தார் பூசினபோது அவள் பார்க்கவில்லை. கல்லை உடைத்தபோதும் பார்க்கவில்லை, தூக்கத்தில் இருந்தாள். தன் பெயர் அழிவதைக் கண்ணால் பார்ப்பது இதுதான் முதல் தடவை, அதுவும் தன் மகள் கையால். ஆறு எழுத்து மிச்சம் இருந்தது.

“நிறுத்து பாப்பா.”

தென்றல் கையை எடுத்துவிட்டாள். ஆனால் திரும்பவில்லை. “மூணு மணிக்கு டெஸ்டும்மா.”

“தெரியும்.”

உன் பிழைப்பை வைத்து நான் சூதாடுகிறேனே என்று காசியம்மாள் வாய்விட்டே சொன்னாள். தென்றல் கொஞ்ச நேரம் அந்த ஆறு எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அழித்த நாலையும் ஒவ்வொன்றாகத் திரும்ப அடித்தாள்.

“சென்னைக்குப் போனா போறேன். ஒம் பேர அழிச்சிட்டு இந்த வீட்ல உக்காந்து என்னால வேல பாக்க முடியாது.”

காசியம்மாள் வெளியே வந்து, ஒயர் வேண்டாம் சார் என்றாள். குமரேசன் நம்பமுடியாமல், பெண்ணுக்கு வேலை போய்விடுமே என்றார். அது அவருக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை. தெருவில் எல்லாருக்கும் எல்லாம் தெரியும், கல்லை உடைத்தது யார் என்பதைத் தவிர. அவர் வேகமாகத் திரும்பிப் போனார். இளஞ்செழியன் ஒயரை மட்டும் எடுத்துக்கொண்டு, ஏணியைக் கேட்டருகே சாத்தியபடியே விட்டுவிட்டு அவர் பின்னால் நடந்தான். மறந்து போகிற ஆள் இல்லை அவன்.

ஒசரத்துல வைங்க என்று ஹபீப் சொன்னது அப்போதுதான் அவளுக்குள் சரியாகப் போய் விழுந்தது. பௌர்ணமி டூட்டியில் சூப்பர்வைசருக்குப் போன் போகாதபோது என்ன செய்வார்? குப்பை லாரியின் மேலே ஏறிக் குவியலின் உச்சியில் நின்றுகொண்டு பேசுவார். கீழே நின்று கத்திக்கொண்டிருக்கும் போனெல்லாம் செத்துக் கிடக்க, அந்தக் குப்பை மேட்டின் மேல் மட்டும் பேச்சு போகும். வருடக்கணக்காக அண்ணாந்து பார்த்த காட்சிதான். வீடு கட்டும்போது சாரத்துக்கு வாங்கிய சவுக்குக் கம்புகள் பின்பக்கம் கிடந்தன. இரண்டு நீளமானவற்றை இழுத்து வந்து, ஒன்றன் தலையில் இன்னொன்றைச் சேர்த்துப் பழைய புடவையைக் கிழித்து இறுக்கினார்கள். மாடிக்கு ஏற்றி, தொட்டி நிற்கிற தூணில் ஏணி வைத்துக் கட்டினால் குமரேசனின் மாடியைத் தாண்டி ஓர் ஆள் உயரம் மேலே நிற்கும் என்று காசியம்மாள் கண்ணாலேயே அளந்தாள்.

மேலே வெயில் கொளுத்தியது. பெட்டி உருகிவிடுமோ, காக்காய் கொத்திவிடுமோ என்று பயந்து, அவள் தன்னுடைய எவர்சில்வர் தூக்கைக் கொண்டுவந்தாள். இருபத்தாறு வருடமாக வேலைக்குச் சோறு கொண்டுபோகிற தூக்கு. அவளிடம் இருந்ததிலேயே கெட்டியான பாத்திரம் அதுதான். பெட்டியைத் துணியில் சுற்றி அதற்குள் வைத்து, மூடியை அழுத்தி மூடி, கம்பின் உச்சியில் கட்டி நிமிர்த்தினார்கள். தென்றல் கீழே ஓடினாள். காசியம்மாள் கம்பைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். மணி இரண்டு நாற்பது. கீழேயிருந்து சத்தமே வரவில்லை. பிறகு தென்றல் படியேறி வந்து, மூச்சு வாங்க, முன்பு வந்துகொண்டிருந்த ஒரு கோடும் போய்விட்டது, பெயரே காணவில்லை என்றாள். தூக்கைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

“இரும்புக்குள்ள போட்டு மூடினா சிக்னல் எப்டிம்மா வெளிய வரும்?”

தார் பூசியவனும் கல்லை உடைத்தவனும் செய்யமுடியாததைத் தானே மூடி போட்டுச் செய்துவிட்டோமே என்று காசியம்மாளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. பீரோவில் வைத்துப் பூட்டியதிலிருந்துகூட அவளுக்குப் புத்தி வரவில்லை. கம்பைச் சாய்த்தார்கள். தூக்கைக் கழற்றி எறிந்துவிட்டு, ஊறுகாய் பிளாஸ்டிக் டப்பா ஒன்றைக் கழுவக்கூட நேரமில்லாமல் துடைத்து, அதற்குள் பெட்டியை வைத்துக் கட்டினார்கள். இரண்டு ஐம்பத்தைந்துக்குக் கம்பு மறுபடி நிமிர்ந்தது. உச்சியில், சிவந்த எண்ணெய்க் கறைக்கு நடுவே, விளக்கு சிவப்பில் இருந்து மஞ்சளானது. அங்கேயே நின்றது. காசியம்மாள் கம்பை ஒரு கைப்பிடி கிழக்கே சாய்த்தாள். கீழ்பென்னாத்தூர் ரோட்டுப் பக்கம், கூட்டம் இல்லாத ஏதோ வயலோரத்தில் நிற்கிற டவர் ஒன்று மாட்டியிருக்க வேண்டும். விளக்கு பச்சையானது.

“வந்துடுச்சும்மா, அப்டியே புடி” என்று தென்றலின் குரல் கேட்டது.

அப்படியே பிடித்தாள். சாய்ந்த கம்பைத் தூணோடு கட்ட முடியவில்லை, கட்டினால் நேராகிவிடும், நேரானால் மஞ்சள். எனவே மூன்று மணியிலிருந்து அவள் மொட்டைமாடியில், வெயிலில், இரண்டு கையாலும் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூட்டுகிற கை, வலி தெரியாது என்றுதான் நினைத்தாள். அரை மணியில் தோள் கழன்று விழுவது போலிருந்தது. பக்கத்து மாடிக்குக் குமரேசன் வந்தார். அவருக்குப் பின்னால் சம்பந்தி வீட்டார் ஒவ்வொருவராக வந்து, இது என்ன வேண்டுதலோ என்கிற மாதிரி பார்த்தார்கள். குமரேசன் கைப்பிடிச் சுவரருகே வந்து, இதெல்லாம் அனுமதி இல்லாமல் செய்யக்கூடாது, புகார் கொடுப்பேன் என்று தணிந்த குரலில் சொன்னார்.

காசியம்மாள் கம்பை விடாமல், முகத்தை மட்டும் திருப்பினாள். தணிந்த குரல் அவளுக்குப் பழக்கமில்லை.

“ஒங்க மாடி மேல ஒயர் போவல சார். காத்துலதான் போவுது. அதுக்கும் வழி மறிக்கணும்னா மனு குடுங்க. கலெக்டர் ஆபீஸ் பக்கத்துலதான் இருக்குது, ஆட்டோகூட வேணாம்.”

சம்பந்தியம்மாள், நீங்கதான் காசியம்மாளா என்று அங்கிருந்தே கேட்டாள்.

“நான்தாம்மா.”

குமரேசன் எல்லாரையும் கீழே அழைத்துக்கொண்டு போனார்.

ஐந்து மணிக்குத் தென்றல் மாடிக்கு வந்து கம்பை வாங்கிக்கொண்டாள். ஒரு தடவைகூட அறுபடவில்லை என்றாள். முடிவைத் திங்கட்கிழமைதான் சொல்வார்களாம், அவர்கள் முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லையாம். காசியம்மாள் விரல்களை மடக்கப் பார்த்தாள், மடங்கவில்லை. சவுக்குப் பட்டையின் அச்சு இரண்டு உள்ளங்கையிலும் விழுந்திருந்தது. அந்தக் கையோடுதான் ராத்திரி முழுக்கக் கூட்ட வேண்டும். கம்பை இறக்கட்டுமா என்று தென்றல் கேட்டாள். வேலை முடிந்துவிட்டது, இனி உயரத்தில் வைக்கத் தேவையில்லை.

“இருக்கட்டும். நேராவே கட்டு.”

யூனிபார்ம் மாட்டிக்கொண்டு ஐந்தரைக்குக் கிளம்பினாள். தூணின் சதுரப் பள்ளத்தை வழக்கம்போல் பார்த்தாள். தெருவில் இறங்கியதும் போனை எடுத்து வைஃபை பட்டியலைத் திறந்தாள். மூன்று கோடுகளோடு பத்து எழுத்தும் இருந்தன. போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நடந்தாள். குமரேசன் வீட்டு வாசலில், திண்டுக்கு மேல் செருப்புகள் வரிசையாக இருந்த இடத்தில், பெயர் இருந்தது. எதிர்வீட்டைத் தாண்டியும் இருந்தது. மற்ற பெயர்கள் வந்து வந்து போயின, புதிதாக யார் யாருடைய பெயரோ வந்தது. வீட்டுக்குள் பெட்டி இருந்தபோது இரண்டாவது வீட்டோடு மறைந்துவிடுகிற பெயர் நாலாவது வீட்டில் இரண்டு கோடுகளோடு நின்றது. தெருமுனையில், ஒயர் திரும்பிப் போன அந்தக் கம்பத்தடியில் வந்து நின்றாள். முன்னால் வேலூர் ரோட்டில் பஸ்ஸிலிருந்து இறங்கிய ஜனம் மலையைப் பார்க்கப் போய்க்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தாள். வீடு தெரியவில்லை. குமரேசனின் மாடிக்கு மேல் சவுக்குக் கம்பும் அதன் உச்சியில் ஊறுகாய் டப்பாவும் மட்டும் தெரிந்தன.

போனில் ஒரே ஒரு கோடு. அவள் இன்னும் ஓர் அடி எடுத்து வைத்துப் பார்த்தாள். இருந்தது. இன்னொன்று வைத்தாள்.